ஏலத்துக்கு வந்த கடலடி

அந்தமான் கடலில் 1173 மீட்டர் ஆழத்திலிருந்து 2024-ல் கறுப்பு உருண்டைகள் மேலே வந்தன. எடை 100 கிலோவைச் சற்றுத் தாண்டியது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரம் கடலடியில் ஊர்ந்து சேகரித்த சரக்கு அது. பார்வைக்கு அடுப்பில் கருகிய உருளைக்கிழங்கு போல இருக்கும். உடைத்தால் உள்ளே வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். பெரும்பகுதி மாங்கனீஸும் இரும்பும். கூடவே கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் தாமிரம், இன்னும் கொஞ்சமாகக் கோபால்ட்.

அதே ஆண்டு நவம்பர் 28 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் ஏலத்தைத் தொடங்கி வைத்தது. கடலடிக் கனிமங்களுக்காக இந்தியா அறிவித்த முதல் ஏலம். மொத்தம் 13 பிளாக்குகள். குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேற்றுக்கு 3, கேரளத்தில் கொல்லத்துக்கு அப்பால் கட்டுமான மணலுக்கு 3. மீதி ஏழும் கிரேட் நிக்கோபார் தீவுக்கு அப்பால், அந்தமான் கடலில். அங்கே எதிர்பார்க்கப்படுவது இந்தக் கறுப்பு உருண்டைகளும், பாறைகள் மீது படிந்திருக்கும் அதே ஜாதிப் பொருக்குகளும்தான்.

கேரளத்தில் மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 பிப்ரவரியில் கடலோரத்தில் முழு அடைப்பே நடந்தது. மார்ச் இறுதியில் ராகுல் காந்தி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதில் கேரளம், குஜராத், அந்தமான் நிக்கோபார் மூன்றுமே இருந்தன. ஆனால் இந்தச் சத்தத்தில் நிக்கோபாரின் பெயர் எப்போதும் மூன்றாவதாகத்தான் அடிபட்டது. ஆச்சரியமில்லை. தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகையே 3.8 லட்சம், சென்னையின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

போராட்டம் நடந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம். அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. இந்த உருண்டைகளிலிருந்து உலோகத்தை லாபகரமாகப் பிரிக்க யாருக்காவது தெரியுமா? இந்தியாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. பதில் ஏலக்காரர்களுக்கு அவ்வளவு உவப்பானதாக இல்லை.

உருண்டைகளின் பிறப்பு ஓர் அதிசயம். கடல்நீரில் கரைந்திருக்கும் உலோகங்கள் ஒரு சுறாப் பல்லையோ பாறைத் துணுக்கையோ கருவாக வைத்துக்கொண்டு அதன் மேல் படிகின்றன. வளர்ச்சி வேகம் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டைக்கு வயது ஒரு கோடி ஆண்டைத் தாண்டலாம். சேறு தங்காத கடலடி மலைச் சரிவுகளில் இதே உலோகங்கள் பாறை மேல் பொருக்காகப் படிகின்றன. பொருக்கில் கோபால்ட் அதிகம் என்பதால்தான் இப்போது அதற்கு மவுசு. பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும்; இந்தியா அதை இறக்குமதியை நம்பித்தான் வாங்குகிறது. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன.

அந்தமான் கடலடியில் ஆல்காக் மேடு, சீவெல் மேடு என்று இரண்டு உயர்நிலங்கள் உண்டு. சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றாக இருந்தன. நடுவே கடலடி விரிந்து பிளந்ததில் பிரிந்துவிட்டன. பாரன் தீவின் எரிமலையை 1991-ல் மறுபடி விழிக்க வைத்ததும் இதே வட்டாரத்து நிலத்தடிக் கொந்தளிப்புதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கப்பல்கள் மேற்கு சீவெல் முகட்டில்தான் கோபால்ட் கலந்த பொருக்குகளைக் கண்டன.

மேடுகளின் பெயர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆல்ஃப்ரெட் ஆல்காக், சீமோர் சீவெல் இருவரும் டாக்டர்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கடல் சர்வே கப்பலான ‘இன்வெஸ்டிகேட்ட’ரில் மருத்துவராகப் போய், மாலுமிகளின் காய்ச்சலைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் ஆழ்கடல் பிராணிகளைச் சேகரித்தவர்கள். ஆல்காக் 1888-ல் அந்தக் கப்பலில் சேர்ந்தார். வலையில் வந்த நண்டு, மீன், நட்சத்திரமீன்களை வகைப்படுத்திப் புத்தகங்கள் எழுதினார். சீவெல் பிறகு இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானார். இந்தக் கடலடியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று முதலில் பார்த்தவர்களின் பெயர் வைத்த இடங்களை, பிறகு உலோகத்துக்காகத் தேடினார்கள்.

1933-ல் சீவெல் இன்னொரு பயணத்துக்குத் தலைமை தாங்கினார். ‘மபாஹிஸ்’ என்ற எகிப்தியக் கப்பலில் அரபிக்கடலையும் இந்துமாக்கடலையும் ஆராய்ந்த அந்தப் பயணத்துக்கு ஜான் மர்ரே பயணம் என்று பெயர். மர்ரே, 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சாலஞ்சர்’ கப்பலில் போன விஞ்ஞானி. மாங்கனீஸ் உருண்டைகளை உலகம் முதலில் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். ஆனால் மர்ரேயைப் பணக்காரராக்கியது உருண்டைகள் அல்ல, ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட். அங்கிருந்து வந்த ஒரு கல்லைப் பார்த்து அதன் மதிப்பைப் புரிந்துகொண்டார். தீவு குத்தகைக்குப் போனது, சுரங்கம் வந்தது. பிரிட்டிஷ் கஜானாவுக்கு அந்தத் தீவிலிருந்து போன வரியே சாலஞ்சர் பயணத்துக்கு ஆன செலவை மிஞ்சியது என்று மர்ரே பெருமைப்பட்டதுண்டு. அவர் விட்டுச்சென்ற பணத்தில்தான் சீவெல் புறப்பட்டார். ஆராய்ச்சியும் சுரங்கமும் தீவுகளின் விஷயத்தில் ஒன்றன் காசில் ஒன்று வாழ்ந்த சரித்திரம் இது. கிறிஸ்துமஸ் தீவின் காடுகளில் ஒரு பங்கு பாஸ்பேட்டோடு போயிற்று. பசிபிக்கில் நவ்ரூ தீவின் நடுப்பகுதி மொத்தமும் போயிற்று. பாஸ்பேட் தீர்ந்த நவ்ரூதான் 2021-ல் ஆழ்கடல் சுரங்கத்துக்கு விதிமுறையை உடனே வகுக்கச் சொல்லி சர்வதேச அமைப்பை நெருக்கியது என்பது தனிக்கதை.

சாலஞ்சர் திரும்பி வந்து தொண்ணூறு வருஷம் உருண்டைகள் மியூசியங்களில் கிடந்தன. 1965-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் மீரோ எழுதிய புத்தகம் அவற்றைப் பொக்கிஷமாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பெரிய உலோகக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து இறங்கின. இந்த ஜுரம் எவ்வளவு நம்பும்படியாக இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1974-ல் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைக் களவாக மேலே தூக்க சிஐஏ ஒரு ராட்சதக் கப்பலை அனுப்பியது. வெளியே சொன்ன பொய், மாங்கனீஸ் உருண்டை அள்ளப் போகிறோம் என்பது. உலகம் நம்பியது. நிஜமாகவே அள்ளியவர்களும் உண்டு. 1978-ல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு பசிபிக்கின் 5000 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 800 டன் எடுத்துக் காட்டியது. பிறகு உலோக விலை விழுந்தது, கம்பெனிகள் கடையைக் கட்டின.

இந்தியா அப்போதுதான் கடையைத் திறந்தது. 1981 ஜனவரி 26 அன்று கோவாவில் உள்ள தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்தின் ‘கவேஷணி’ கப்பல் அரபிக்கடலிலிருந்து முதல் உருண்டைகளை எடுத்தது. 1987-ல் உலகிலேயே முதல் ‘முன்னோடி முதலீட்டாளர்’ என்ற பதிவு இந்தியாவுக்குக் கிடைத்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகுதூரத்தில் மத்திய இந்துமாக்கடலில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. விதிப்படி பாதியைத் திருப்பிக் கொடுத்தது போக 75,000 சதுர கிலோமீட்டர் மிஞ்சியது. 2002-ல் ஒப்பந்தம், 2017-லும் 2022-லும் நீட்டிப்பு. அங்கே 38 கோடி டன் உருண்டை இருப்பதாக அரசு மதிப்பீடு. அதில் 47 லட்சம் டன் நிக்கல், 43 லட்சம் டன் தாமிரம், 5.5 லட்சம் டன் கோபால்ட். இந்த எண்கள் வருஷா வருஷம் அறிக்கைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

எண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். ஒரு டன் உலர்ந்த உருண்டையில் நிக்கலும் தாமிரமும் பத்துப் பன்னிரண்டு கிலோ வீதம். கோபால்ட் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. மாங்கனீஸ் மட்டும் 240 கிலோ. கடலிலிருந்து வரும்போது எடையில் முப்பது சதவீதம்வரை தண்ணீர் வேறு, ஏனென்றால் உருண்டை பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்தது.

ஒரு சதவீதம் குறைவில்லையே என்று கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட் சுரங்கத்தில் தோண்டும் பாறையிலும் தாமிரம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், மலஞ்ச்கண்ட் பாறையில் தாமிரக் கனிமம் தனித்தனிப் பொடியாக இருக்கிறது. அரிசியில் கல் கிடப்பது போல. அரைத்து, தண்ணீரில் கலக்கி, எண்ணெய் சேர்த்துக் காற்றை ஊதினால் தாமிரப் பொடி நுரையோடு மேலே வந்துவிடும். வழித்து எடுத்தால் 20 சதவீதத்துக்கு மேல் தாமிரம் உள்ள செறிவு கையில். உலைக்குப் போவது அது மட்டும்தான். மீதிப் பாறை அங்கேயே தங்கிவிடும். முறத்தில் புடைக்கிற வேலையைத்தான் தாது பதப்படுத்தல் என்ற பெரிய பெயரில் செய்கிறார்கள்.

உருண்டையில் புடைப்பதற்கு ஒன்றுமில்லை. நிக்கலும் தாமிரமும் தனிக் கனிமமாக இல்லை. மாங்கனீஸ் ஆக்சைடின் படிகக் கட்டுக்குள்ளேயே அணு அணுவாகப் புகுந்து உட்கார்ந்திருக்கின்றன. இட்லி மாவில் கரைந்த உப்பு மாதிரி. எவ்வளவு அரைத்தாலும் மாவு தனி, உப்பு தனி என்று ஆகாது. மாங்கனீஸின் கட்டையே உடைத்தால்தான் நிக்கல் வெளியே வரும். அதாவது ஒரு டன்னில் பத்துக் கிலோவுக்காக டன் முழுவதையும் ரசாயனத்தில் போட்டுக் கிளற வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் நாற்பது வருஷமாக ஆய்வுக்கூடங்களை அலைக்கழிக்கிறது.

மூன்று இடங்களில் மூன்று வழிகளை முயன்றார்கள். ஜாம்ஷெட்பூரில், 1950-ல் நேரு திறந்து வைத்த தேசிய உலோகவியல் ஆய்வகம், வறுக்கும் வழியைப் பிடித்தது. உருண்டையை உலர்த்தி, அரைத்து, ஆக்சிஜனைப் பறிக்கும் சூழலில் சூடேற்றினால் மாங்கனீஸின் கட்டு தளர்கிறது. பிறகு அம்மோனியாக் கரைசலில் போட்டால் நிக்கலும் தாமிரமும் அம்மோனியாவோடு கைகோத்துக்கொண்டு கரைந்து வந்துவிடுகின்றன. மாங்கனீஸும் இரும்பும் சக்கையாக நிற்கின்றன. அழகான முறை. ஆனால் ஈரப் பஞ்சு போன்ற சரக்கு மொத்தத்தையும் உலர்த்திச் சூடேற்றும் எரிபொருள் செலவு பயங்கரம். தவிர, இந்த முறையில் கோபால்ட் பிடிவாதம் பிடிக்கும். கணிசமான பங்கு இரும்போடு ஒட்டிக்கொண்டு சக்கையிலேயே தங்கிவிடும். எந்த உலோகத்துக்காக இத்தனை ஆர்ப்பாட்டமோ அதுதான் வர மறுக்கிறது!

புவனேஸ்வரத்தில் அப்போதைய மண்டல ஆராய்ச்சிக்கூடம், இன்றைய கனிம மற்றும் பொருள் தொழில்நுட்பக் கழகம், வறுக்காமலே முடியுமா என்று பார்த்தது. அரைத்த உருண்டையை அம்மோனியாக் குழம்பாக்கி அதற்குள் கந்தக டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினார்கள். வாயு மாங்கனீஸைத் தாக்கிக் கட்டை உடைக்கிறது. விடுபட்ட நிக்கல், தாமிரம், கோபால்ட்டை அம்மோனியா பிடித்துக்கொள்கிறது. சூளை வேண்டாம். மூன்றாவதாக, உதய்ப்பூரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் கந்தக அமிலத்தை அழுத்தக் கலத்தில் வைத்துக் கரைக்கும் வழியை ஆராய்ந்தது. கடைசியில் உதய்ப்பூரில்தான், 2000-களின் தொடக்கத்தில், ஒரு மாதிரி ஆலை எழுந்தது. நாளொன்றுக்கு 500 கிலோ உருண்டையைக் கையாளும் ஆலை.

இதைச் சாதனை என்று சொல்வதில் தப்பில்லை. சோதனைக் குடுவையிலிருந்து ஆலைவரை ஒரு தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே கொண்டுவந்த நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வேண்டும். 500 கிலோவில் கோபால்ட் சுமார் 700 கிராம், அதுவும் இழப்பைக் கழிக்காமல். வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் 150 டன் உருண்டை. கடலடிச் சுரங்கம் கட்டுப்படியாக வருஷத்துக்கு 15 லட்சம் முதல் 30 லட்சம் டன்வரை அள்ள வேண்டும் என்பது உலகெங்கும் இத்துறையினர் சொல்லும் கணக்கு. 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் உதய்ப்பூர் ஆலையைப் போல 20,000 மடங்கு. இடையில் உள்ள தூரத்தைக் கடக்க எவ்வளவு அம்மோனியாவை மீட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், எவ்வளவு சக்கையை எங்கே கொட்ட வேண்டும் என்பதுதான் மீதிக் கதை.

சக்கையையும் விடவில்லை. மாங்கனீஸ் நிறைந்த அதைக் கரியோடும் வெள்ளைக்கல்லோடும் மின் உலையில் உருக்கி, எஃகு ஆலைகளுக்கு வேண்டிய சிலிகோ மாங்கனீஸ் செய்து காட்டினார்கள் ஜாம்ஷெட்பூர்க்காரர்கள். புத்திசாலித்தனமான யோசனைதான். என்ன, மாங்கனீஸ் தாது பாலாகாட்டில் தரையிலேயே கிடைக்கிறது. அதற்குக் கடலடிக்குப் போவானேன் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நிக்கல் விஷயத்தில் இன்னும் சங்கடம். ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் தாதுவைத் தோண்டும்போது மேலே உள்ள மண்ணை மலை மலையாக ஒதுக்கிக் குவித்திருக்கிறார்கள். அந்த மண்ணில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நிக்கல் இருக்கிறது. தோண்டியாகிவிட்டது, கப்பல் வேண்டாம், 5000 மீட்டர் குழாய் வேண்டாம், லாரி போதும். அங்கும் நிக்கல் தனிக் கனிமமாக இல்லை, இரும்பு ஆக்சைடுக்குள் புதைந்திருக்கிறது. இதே ஜாம்ஷெட்பூர், புவனேஸ்வரம் ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பிரிக்க முயன்றிருக்கின்றன. பாக்டீரியாவை விட்டுக்கூடப் பார்த்துவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்த மண் மலைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. காலடியில் கொட்டிக் கிடப்பதே கட்டுப்படியாகாதபோது கடலடியில் கிடப்பது எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஏலத்தில் கலந்துகொள்ள நினைப்பவரின் கணக்கப்பிள்ளை கேட்காமல் இருக்க மாட்டார். சந்தையும் காத்திருக்கவில்லை. இந்தோனேசியா தரைச் சுரங்க நிக்கலைக் குவித்து விலையை இறக்கிவிட்டது. சீனாவின் மின்கார் பேட்டரிகளில் பாதிக்கும் மேல் இப்போது நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம் என்ற இரும்பு பாஸ்பேட் வகை.

இந்த ஆராய்ச்சி அத்தனையும் மத்திய இந்துமாக்கடல் உருண்டைகளை வைத்து நடந்தது. அந்தமான் கடலின் சரக்கு வேறு. ஆழம் வேறு, கலவை வேறு. உருண்டையையாவது அள்ளலாம். பொருக்கு, கூரையில் பூசிய சிமெண்ட் போலப் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கனம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர். செதுக்கும்போது அடிப்பாறையும் சேர்ந்து வரும். தாதுவின் தரம் அங்கேயே பாதியாகக் குறையலாம். பொருக்கையும் பாறையையும் கடலடியிலேயே பிரிக்கும் கருவி உலகில் எங்கும் வணிக அளவில் ஓடியதில்லை. உதய்ப்பூரில் கற்றதை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டவைக்க முடியாது. முதலில் செய்ய வேண்டியது பல டன் மாதிரிகளை எடுத்து ஜாம்ஷெட்பூருக்கும் புவனேஸ்வரத்துக்கும் அனுப்பி, எந்த வழியில் எவ்வளவு கோபால்ட் வருகிறது என்று பார்ப்பது. 100 கிலோ அதற்கு ஆரம்பம். அதை வைத்து ஏழு பிளாக்குகளை ஏலம் கூறுவது, பானையில் ஒரு சோறு பதம் பார்த்த கதையாகக்கூட இல்லை. பானையே இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

பொறியாளர்களுக்கு இந்தக் கடல் மேல் இருக்கும் ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான். பள்ளிக்கரணைக் கழகத்தின் ‘வராஹா’ இயந்திரம் 2021-ல் மத்திய இந்துமாக்கடலில் 5270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து காட்டியது. உலக அளவில் பெரிய காரியம். ஆனால் அங்கே போக வரவே நாள் கணக்கில் ஆகும். 500 மடங்கு வளிமண்டல அழுத்தம். அந்தமான் கடலில் ஆயிரம் மீட்டர்ச் சொச்சத்திலேயே சரக்கு கிடைக்கிறது, துறைமுகம் பக்கத்தில். ஒத்திகைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கடலாராய்ச்சிக்கு ஒத்திகை பார்ப்பதற்கும் ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2002-ல் வந்த கடற்பகுதிக் கனிமச் சட்டத்தை 2023-ல் திருத்தி ஏல முறையைக் கொண்டுவந்தார்கள். திருத்தத்தின்படி உற்பத்திக் குத்தகை 50 ஆண்டு. ஏலம் எடுப்பவர் முதலில் தேடிப் பார்ப்பார், கிடைத்தால் வெட்டுவார். ராயல்டி மத்திய அரசுக்கு. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மத்திய இந்துமாக்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல். அங்கே ஜமைக்காவில் உள்ள சர்வதேசக் கடலடி ஆணையத்திடம் இந்தியா பதில் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்துதான் ஆக வேண்டும். அந்த ஆணையம் 2025 ஜூலைக் கூட்டம்வரை வெட்டி எடுப்பதற்கான விதிகளைக்கூட முடிவு செய்யவில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை. நிக்கோபார் பிளாக்குகளோ இந்தியாவின் சொந்தப் பொருளாதார மண்டலத்துக்குள் வருபவை. ஆணையத்துக்கு இங்கே வேலையில்லை. ஆள் இல்லாத நடுக்கடலுக்குக் கிடைத்த கண்காணிப்பு, ஆள் வாழும் தீவின் பக்கத்துக் கடலுக்குக் கிடைப்பது தில்லியின் மனசைப் பொறுத்தது.

அந்தச் சர்வதேசக் கட்டாயத்தால் இந்தியா செய்த ஒரு நல்ல காரியம் பலருக்குத் தெரியாது. 1997-ல் கோவா விஞ்ஞானிகள் ஒரு ரஷ்யக் கப்பலை அமர்த்திக்கொண்டு மத்திய இந்துமாக்கடலின் அடியில் வேண்டுமென்றே சேற்றைக் கிளறிவிட்டார்கள். சுரங்கம் வந்தால் புழுக்களும் நுண்ணுயிர்களும் என்னவாகும் என்று அறிய. பிறகு பல வருஷம் போய்ப் போய்ப் பார்த்தார்கள். ஜெர்மானியர்கள் 1989-ல் பெரு நாட்டுக்கு அப்பால் இதே மாதிரி உழுத தடத்தை 2015-ல் போய்ப் பார்த்தபோது, நேற்று உழுதது போல அப்படியே இருந்தது. பசிபிக்கில் 1979-ல் ஓட்டிப் பார்த்த ஒரு சுரங்க இயந்திரத்தின் தடம் 44 ஆண்டுகளுக்குப் பிறகும் தெளிவாகத் தெரிந்ததாக 2025-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் எழுதினார்கள். சில சிறு பிராணிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. உருண்டைகள் மேல் ஒட்டி வாழ்கிறவை அவ்வளவாக வரவில்லை. ஒட்டிக்கொள்ள உருண்டை இருந்தால்தானே.

அந்தமான் கடலில் இப்படி ஒரு கிளறல் சோதனையை முதலில் நடத்தாமல் வெட்டத் தொடங்குவது எந்தக் கணக்கிலும் சரியாக வராது. 5000 மீட்டரில் எழும் சேற்று மேகத்துக்கும் 1000 மீட்டரில் எழுவதற்கும் விளைவு ஒன்றாக இருக்க முடியாது. கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா கரையில் முட்டையிட வரும் தோணியாமை, இரை தேடி 1200 மீட்டருக்கும் கீழே முழுகக்கூடிய பிராணி. உருண்டைகள் வந்த அதே ஆழம். அந்தக் கலாத்தியாவில்தான் பெரிய சரக்குத் துறைமுகம் கட்ட 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீவுக்காரர்களுக்குச் சுரங்கம் புதிதல்ல. அந்தமானில் அவர்கள் பார்த்த சுரங்கம் கடற்கரை மணல். வீடும் ரோடும் அரசுக் கட்டடமும் கட்ட ஆற்று மணல் இல்லாததால் பல ஆண்டுகள் கடற்கரைகளையே அள்ளினார்கள். கரை அரித்தது, தென்னை சாய்ந்தது, ஆமை முட்டையிட மணல் இல்லாமல் போயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் கமிஷனின் அறிக்கை வந்த பிறகு, 2002 மே மாதம், மணல் அள்ளுவதை வருஷத்துக்கு 20 சதவீதமாகக் குறைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர உத்தரவாயிற்று. இரண்டரை வருஷத்தில் சுனாமி வந்தது. நிலநடுக்கத்தில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கச்சால் தீவில் இலங்கையிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் நிக்கோபாரியர்களும் அலையில் போனார்கள். இப்படிப்பட்ட நிலநடுக்கப் பிளவுக்கு அருகில் கடலடி மலைச் சரிவுகளைச் செதுக்குவது சரிவுகளை என்ன செய்யும் என்பதும் ஆராய வேண்டிய பட்டியலில் இருக்கிறது.

கருவி இல்லாமல் இல்லை. 2021-ல் 4077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தில் பள்ளிக்கரணைக் கழகம் ‘மத்ஸ்யா 6000’ என்ற மூன்று பேர் போகும் நீர்மூழ்கியை உருவாக்கியது. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். ஆறாயிரம் மீட்டர் போவதற்கு முன் ஆயிரம் மீட்டர் போய்ப் பழக வேண்டியிருக்கும். மேற்கு சீவெல் முகட்டில் இறக்கலாம். மூவரில் ஒருவர் உலோகவியல்காரராகவும் ஒருவர் ஆல்காக்கின் தொழில் தெரிந்தவராகவும் இருந்தால், எடுத்து வரும் மாதிரியில் பாதி ஜாம்ஷெட்பூருக்கும் பாதி கொல்கத்தாவில் உள்ள விலங்கியல் துறைக்கும் போகும். இரண்டு இடத்திலிருந்தும் அறிக்கை வர நாலைந்து வருஷம் ஆகும். உருண்டைகள் அதற்குள் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்ந்துவிடப் போவதில்லை.